முடங்கிய கால்களும் முடங்காத கைகளும்: மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களைத் தழுவிக் கிடக்கும் ஜவ்வாது மலைத்தொடர், பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அன்றாடம் கண்ணில் படும் காட்சியாகும். அதன்மேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றியும், பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை முதலிய ஊராட்சிகளிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விளைவித்தும், புளி, பலா, தேன் ஆகியவற்றைச் சேர்த்து விற்றும் வாழ்ந்து வருகின்றனர். மரமேறுவது அவர்களுக்கு வாழ்க்கை; மரத்திலிருந்து வீழ்வது அவ்வாழ்க்கையோடு ஒட்டிய இடர். சாலை இல்லாத சிற்றூர்களில் அடிபட்டவரைத் துணியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து இறங்கும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் நீடித்திருக்கிறது. அப்படி இறங்குவோர் பெரிய மருத்துவமனையை நாடி வந்து சேரும் நகரம் வேலூர்.

அந்நகரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஓர் இளம் பெண் மருத்துவர், 1954 ஆம் ஆண்டு அதே மருத்துவமனையில் நோயாளியாகப் படுக்க நேர்ந்தது. தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்த அவர், பின்னாளில் தம்மைப் போன்றோர்க்கென்றே ஒரு துறையையும் ஒரு நிலையத்தையும் தோற்றுவித்தார். டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அவ்வம்மையாரின் வாழ்க்கையை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

வாழ்க்கைக்குள் புகுமுன், தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். நரம்பு மண்டல நோய்கள் பலவற்றையும் நம் மக்கள் வாதம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். பக்கவாதம் என்பது மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருவது. மூளையின் இடப்பாகம் தாக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கும். முகவாதம் என்பது பெரும்பாலும் ஏழாவது மூளை நரம்பு வீங்குவதால் வாய் ஒருபுறம் கோணிப்போவது. அது பலருக்குச் சில வாரங்களிலேயே சீராகிவிடும். இளம்பிள்ளை வாதமோ தண்டுவடத்திலுள்ள இயக்க அணுக்களை ஒரு நுண்கிருமி அழிப்பதால் வருவது. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார், 2014 இல் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. முடக்குவாதம் நரம்பு நோயே அன்று. அது மூட்டுகளின் நோய். இந்நான்கையும் ஒரு பெயரால் அழைப்பதில் இலக்கண நயம் இருக்கலாம். மருத்துவப் பயன் இல்லை. குழாய் அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும். வாதந்தானே, எண்ணெய் தேய்த்தால் போகும் என்று வீட்டில் வைத்திருந்து அந்நேரத்தை இழந்தோர் நம்மிடையே பலர்.

நரம்பியல் பிரிவில் சேர்க்கப்படுவோருள் பக்கவாதத்தினரோடு வலிப்பு நோயினரும், தலையில் அடிபட்டோரும், மூளைக் காய்ச்சலினரும் பெருந்தொகையினர். வலிப்பைப் பற்றி நம் சமுதாயத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் சென்று, அதன் இளம்பருவம் மூளையில் கட்டியாகத் தங்குவதால் வரும் வலிப்பு நம் நாட்டில் மிகுதி. பன்றி இறைச்சி உண்ணாத நமக்கு இது வராது என்று எண்ணிவிடலாகாது. அப்புழுவைக் குடலில் தாங்கியவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள், கழுவாத கைகளாலும் காய்கறிகளாலும் எவர் வயிற்றுக்கும் செல்லும். சைவ உணவினரும் இந்நோயால் பீடிக்கப்படுகின்றனர்.

இத்தகைய நோயாளர்க்கென இந்தியாவில் தனித்துறை ஒன்று முதன்முதலாக அமைந்தது வேலூரில்தான். 1949 இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதனைத் தொடங்கினார். கோட்டயத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற அவர், பஹ்ரைனில் அரபு மக்களிடையே சில காலம் பணியாற்றிவிட்டு, பின்னர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் மூளை அறுவையைக் கற்றவர். 1952 ஆகஸ்டில் வலிப்பு நோய்க்கான நாட்டின் முதல் அறுவையும் வேலூரில் அவர் கையால் நிகழ்ந்தது. சாண்டியார் வந்து ஐந்தாண்டு நிறைவதற்குள் மேரி வர்கீஸ் அம்மையாருக்கு விபத்து நேர்ந்தது. அவர் உயிர் பிழைத்ததில் இக்கால ஒற்றுமைக்கும் ஒரு பங்கு இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அம்மையார் 1925 மே 26 அன்று கொச்சிப் பகுதியில் வசதி வாய்ந்த சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவராக விரும்பி வேலூருக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918 இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, அதற்குள் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்திருந்தது. படிப்பை முடித்த மேரி வர்கீஸ் மகப்பேறு, பெண்கள் நலத் துறையில் சிறப்புப் பயிற்சியில் இருந்தார். சுறுசுறுப்பும் கைத்திறனும் கொண்ட இளம் மருத்துவர். எதிர்காலம் தெளிவாகத் தெரிந்த நேரம். 1954 ஜனவரி 30 அன்று தோழர் குழுவொன்றோடு இன்பச் செலவுக்குப் புறப்பட்டார். வழியில் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம், முதுகெலும்பும் முறிந்திருந்தது. முகக் காயம் தழும்போடு ஆறியது. முதுகின் காயம் ஆறவில்லை.

ஏன் ஆறவில்லை என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டும். தண்டுவடம் ஒரு சுண்டுவிரல் பருமனே உள்ளது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. கைகால்களில் ஓடும் நரம்பு அறுபட்டால், தைத்துவிட்டபின் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளரும் ஆற்றல் அதற்கு உண்டு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அவ்வாற்றல் இல்லை. எலும்பு கூடினாலும் உள்ளே நசுங்கிய வடம் கூடுவதில்லை. 1954 இல் மட்டுமன்று, இன்றும் அதனை முற்றிலும் புதுப்பிக்கும் மருந்து கண்டறியப்படவில்லை.

அதனினும் கொடியது பின்னே வரும் துன்பம். கால் அசையாமை கண்ணுக்குத் தெரியும். தோலின் உணர்வின்மையும் சிறுநீர்ப்பையின் செயலின்மையும் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. உணர்வற்ற தோல் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் இரத்த ஓட்டம் நின்று புண்ணாகி எலும்பு வரை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் கிடத்த வேண்டும், நள்ளிரவிலும். தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட வீரருள் பெரும்பாலோர் மாண்டது இவ்விரு காரணங்களால்தான். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 1944 இல் தனிப்பிரிவு தொடங்கி, புரட்டிக் கிடத்துவதையும் சிறுநீரைப் பேணுவதையும் கடமையாக்கிய பின்னரே அவர்கள் பிழைக்கத் தொடங்கினர். 1948 இல் அவர் சக்கர நாற்காலியினருக்கு நடத்திய விளையாட்டே இன்றைய பாராலிம்பிக்கின் வித்து. சுத்தமான சிறு குழாயை நோயாளியே தம் கையால் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் எளிய முறையை அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் பரப்பியதோ 1972 இல். மேரி வர்கீஸ் அம்மையார் படுக்கையில் கிடந்தபோது அம்முறை வழக்கில் இல்லை.

திங்கள் பல கிடந்தார். அறுவைகள் நடந்தன. கால்களைத் தன்வயமின்றி இழுத்து வெட்டும் தசைப்பிடிப்பு, தண்டுவட நோயாளர்க்குரிய தனித்துன்பம். மருத்துவராகையால் தம் நிலையைப் பிறர் சொல்லி அறிய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பொய் நம்பிக்கையின் ஆறுதலும் ஆகவே இல்லை. பிரசவ அறையில் நின்று பணிபுரிய வேண்டிய தொழில் இனித் தமக்கு இயலாது என்பதை அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தார்க்கும் ஒரு சொல். நோயுற்றாரை நலம் விசாரித்தல் நம்மீதுள்ள கடமைகளுள் ஒன்று; நம் ஜமாஅத்தார் அதில் குறை வைப்பதில்லை. முதல் வாரம் வீடு நிறையக் கூட்டம் இருக்கும். மூன்றாம் மாதம் எவரும் வாரார். தண்டுவட நோயாளிக்கு உண்மையான நோய் தொடங்குவது அந்த மூன்றாம் மாதத்தில்தான். மகளோ மருமகளோ பள்ளிப் படிப்பை விட்டு இரவில் விழித்துப் புரட்டிக் கிடத்துவதும், அவளை எவரும் நலம் விசாரிக்காததும் நாம் பல வீடுகளில் கண்டவை.

அம்மையாரின் வாழ்வைத் திருப்பியவர் டாக்டர் பால் பிராண்ட். 1946 இல் வேலூருக்கு வந்த இவ்வறுவை மருத்துவர் தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்து ஓர் உண்மையை நிலைநாட்டியவர். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்பது அன்று வரை உலகோர் கொண்ட எண்ணம். கிருமி தாக்குவது நரம்பை. நரம்பு செத்தபின் உணர்வற்ற கை அடுப்பிலும் அரிவாளிலும் பட்டுப் பட்டுத் தேய்கிறது. தசை ஒழிந்து விரல்கள் பறவையின் உகிர் போல் மடங்குகின்றன என அவர் காட்டினார். முன்கையிலோ விரலிலோ செயலோடு இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலற்ற இடத்தில் இணைத்து விரலை நிமிர்த்தும் அறுவையை அவர் வளர்த்தார். வேலூரையடுத்த கரிகிரியில் 1955 இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் இப்பணியின் தொடர்ச்சியே. தொழுநோயைத் தோல்நோய் என்று எண்ணுவோர் பலர். அதன் ஊனங்களுள் பெரும்பாலானவை நரம்பின் வழியாக வருவன என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

கையறுவை செய்பவர் நிற்பதில்லை. நோயாளியின் கையை மேசைமேல் நீட்டி வைத்து, எதிரே அமர்ந்து செய்வதே வழக்கம். அப்படியானால் சக்கர நாற்காலியில் அமர்ந்தும் செய்யலாமே என்று பிராண்ட் எண்ணினார். இவ்வெண்ணம் இன்று எளிதாகத் தோன்றுகிறது. படுக்கையில் கிடப்பவரிடம் போய் அறுவை செய்யக் கற்றுக்கொள் என்று சொல்லத் துணிவதும், கிடப்பவர் அதனை ஏற்பதும் எளியன அல்ல. அம்மையார் தயங்கினார், பின்னர் ஏற்றார். நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். எழுந்து நிற்க இயலாத ஒரு மருத்துவர் தம் கையைத் தொட்டு அறுவை செய்வதைக் கண்ட தொழுநோயாளர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. அன்று அவர்களைத் தொடுவாரும் அரியர்.

எனினும் அம்மையார் அத்துடன் நிற்கவில்லை. நாற்காலியைத் தள்ளப் பிறர் வேண்டும், படுக்கையிலிருந்து இறங்கப் பிறர் வேண்டும் என்ற நிலை அவருக்கு உகக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, தம் உடலைத் தாமே கையாளும் பயிற்சியைப் பெற்றார். பின்னர் உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்று, ஹோவர்ட் ரஸ்க் நடத்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானப் படையினரை மீண்டும் வாழ்வுக்குத் திருப்பிய ரஸ்க், அத்துறையின் முன்னோடி. அங்கு அம்மையார் நோயாளியாக அன்றி மருத்துவராகவே பயின்றார். 1962 இல் நாடு திரும்பினார்.

1963 இல் வேலூரில் அவர் தலைமையேற்ற உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறையும், 1966 இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையமும் இந்தியாவில் இவ்வகையில் முதன்மையானவை எனப் பெயர் பெற்றன. உள்நோயாளராகத் தங்கிப் பயிற்சி பெறும் வசதி கொண்ட துறை அதற்குமுன் நம் நாட்டில் இருந்ததில்லை. மறுவாழ்வு என்ற தமிழ்ச்சொல் இன்று ஏதிலியர் முகாம் முதற்கொண்டு பலவற்றுக்கும் வழங்குகிறது. அம்மையார் கொண்ட பொருள் திட்பமானது. உயிரைக் காத்து வீட்டுக்கு அனுப்புவதோடு மருத்துவம் முடிவதில்லை. வீட்டில் அவன் உண்டு, உடுத்து, கழித்து, உழைத்துப் பொருளீட்டும் வரை அது தொடர வேண்டும் என்பதே அவர் கருத்து.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே வேலூரில் நடத்த இயலாது. அங்கே வழவழப்பான தரையும் மின்தூக்கியும் உண்டு. இங்கே மண்தரையும் திண்ணையும் உயர்ந்த வாயிற்படியும். அங்கே மேசையில் உண்பர். நம்மவர் தரையில் அமர்ந்து உண்பர், குந்தியிருந்து மலம் கழிப்பர். ஆகவே இங்கே நோயாளியை நாற்காலிக்குப் பழக்குவதோடு, தரையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து தரைக்கும் கைவலுவால் மாறப் பழக்க வேண்டும். கைகளையும் தோள்களையும் கால்களாக்கும் பயிற்சி அது. உழவனும் மரமேறியும் பழைய தொழிலுக்குத் திரும்ப இயலாதாகையால் உட்கார்ந்து செய்யும் தொழிலொன்றைக் கற்பிக்க வேண்டும். உடன் வந்த உறவினரும் கற்க வேண்டும். புரட்டிக் கிடத்துவதும், இரவில் கைவிளக்கு கொண்டு தோலில் சிவப்பு கண்டிருக்கிறதா எனப் பார்ப்பதும் இறுதியில் அவர்கள் பொறுப்பே. அம்மையார் பயிற்சிக் கூடத்துக்கு நாற்காலியில் வந்து நோயாளியின் எதிரே நிற்கும்போது, இயலாது என்று சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. வேறெந்த மருத்துவருக்கும் இல்லாத அதிகாரம் அது.

1963 இல் அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் அம்மையாரின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். அதனால் உலகெங்கும் அவர் பெயர் பரவியது. 1972 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. விருதுகளைப் பற்றி விரித்துரைப்பதில் நமக்கு ஆர்வமில்லை. அம்மையார் தொடங்கியபோது ஊனமுற்றோர்க்கெனத் தனிச்சட்டமே நம் நாட்டில் இல்லை என்பதும், அத்தகைய சட்டம் 1995 இல்தான் இயற்றப்பட்டது என்பதும், 2016 இல் அது விரிவாக்கப்பட்டது என்பதும் இங்கு எண்ணத்தக்கன. மாற்றுத்திறனாளி என்னும் சொல்லும் இந்த நூற்றாண்டில் பரவியதே. சொல்லும் சட்டமும் வருமுன்னரே செயல் வந்துவிட்டது.

நம் நாட்டில் தண்டுவடக் காயத்துக்கு முதன்மையான காரணங்கள் சாலை விபத்தும் உயரத்திலிருந்து வீழ்தலுமாம். இரண்டாவதற்குப் பனை, தென்னை, புளி ஆகியவையும் கைப்பிடிச் சுவரற்ற மாடியும் கிணறும் காரணமாகின்றன. வேலூருக்குத் தெற்கே பாகாயம். மேலும் தெற்கே சென்றால் அமிர்தி. அங்கே ஜவ்வாது மலைச் சரிவு எழுகிறது. அம்மலையிலிருந்து துணித் தூளியில் இறக்கப்படும் நோயாளிக்கு நேரும் கேடு ஒன்றுண்டு. தூளியில் உடல் வில்லாக வளையும். முறிந்த முதுகெலும்பு வளைந்தால், அதுவரை நசுங்காதிருந்த தண்டுவடமும் நசுங்கும். வீழ்ந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க முயல்வதும் அத்தகையதே. கதவுப் பலகையோ கட்டிலோ கிடைத்ததைக் கொண்டு, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி கிடத்தி, பலர் சேர்ந்து ஒருசேரத் தூக்க வேண்டும். இதனை மலையூர்களில் மட்டுமன்றி நம் தெருக்களிலும் இளைஞர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது நம் அவா. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஜவ்வாது மலையில் முகாம் அமைக்கும்போது, மரம் நடுவதோடு இதனையும் ஒரு நாள் செய்து காட்டலாம்.

மலைக்குத் திரும்புவோர் நிலை இன்னும் கடினம். பாகாயத்தில் நாற்காலியை லாவகமாக ஓட்டக் கற்றவன், ஒற்றையடிப் பாதையில் அதனை ஓட்ட இயலாது. சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கழுவ நீர் வேண்டும். நீர் தொலைவில் இருக்கும். வீடு திரும்பிய ஆறு திங்களில் படுக்கைப் புண்ணோடு மீண்டும் இறக்கப்படுவோர்க்கு மருத்துவம் குறைவைத்ததாகச் சொல்ல முடியாது; பாதையும் நீரும் குறைவைத்தன. அம்மையார் மருத்துவத்தை மருத்துவமனைக்கு வெளியே நீட்டிப் பார்த்ததன் தேவை இங்குப் புலனாகிறது.

1986 டிசம்பர் 17 அன்று வேலூரில் அம்மையார் காலமானார். அகவை 61. விபத்துக்குப் பின் வாழ்ந்தது ஏறத்தாழ 33 ஆண்டுகள். ஊனமுற்றோர்க்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் நோக்குடன் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை அவ்வாண்டிலேயே உருவாயிற்று. பாகாயம் நிலையத்தில் பயிற்சி பெற்றுச் சென்ற பழைய நோயாளர்களை மீண்டும் வரவழைத்து விழா எடுக்கும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது. அதனை ரீஹாப் மேளா என்பர். வந்தோரின் தோலையும் சிறுநீரகத்தையும் மருத்துவர்கள் பரிசோதிப்பர். நாற்காலிகளைப் பழுது பார்ப்பர். பின்னர் விளையாட்டுகள் தொடங்கும்.